தூக்காமல் விட்ட கால்

1

எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் ஒரு மலர் கொண்டுவருகிறார்கள். அதில் ‘அமெரிக்காவில் நம் பண்பாடு’ என்று இரண்டு பக்கம் எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். என்னோடு படித்தவர்களில் டாக்டர் இருக்கிறார், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர் இருக்கிறார். பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுபோன என்னிடம் இதுவரை யாரும் எதையும் எழுதச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது கேட்டதற்குக் காரணம் அந்த வீடியோதான்.

உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். ஒரு சின்ன மேடை. தொப்பி வைத்த வெள்ளைக்காரர்களுக்கு நடுவில், சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, மாண்டலினை நெஞ்சோடு அணைத்துப் பிடித்து வாசிக்கிறவன் நான். பாட்டு முடியாமல் போய்க்கொண்டே இருக்கிறது. கூட்டம் சிரிக்கிறது. அப்புறம் ஒரு பெண் எழுந்து ஆங்கிலத்தில் பேசுகிறாள். அது என் மகள் மித்ரா. யாரோ அதன்மேல் தமிழில் எழுதிப் போட்டுவிட்டார்கள்: ‘பெரியவர் முன்னால் காலைத் தூக்க மாட்டேன் என்று நின்ற தமிழன்.’

காங்கேயத்திலிருந்து என் பெரியப்பா மகன் போன் செய்து, “நம்ம மானத்தக் காப்பாத்திட்டடா தம்பி” என்றார். இங்கே டெக்ஸஸில், நாங்கள் இருக்கும் ஆலன் ஊர்த் தமிழ்ச் சங்கத்தில் அடுத்த பொங்கல் விழாவில் எனக்குப் பொன்னாடை போர்த்தப் போவதாகச் சொன்னார்கள். வருடா வருடம் அந்த விழாவில் நான் சாப்பாட்டு மேசைக்குப் பின்னால் நின்று சாம்பார் ஊற்றுகிறவன்.

நீங்கள் கேட்ட தலைப்பில் என்னால் எழுத முடியாது. நடந்ததை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம்.

2

நான் இங்கே வந்தது என் மனைவி கவிதாவின் விசாவில். கவிதா என் அத்தை மகள். கோவையில் இன்ஜினியரிங் படித்தவள். நான் எண்ணெய் மில்லில் மோட்டார் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்ன வயதிலேயே பேசிவைத்ததை மாற்ற வேண்டாம் என்று இரண்டு வீட்டிலும் நினைத்தார்கள். அவளும் மறுக்கவில்லை. அவளுக்கு டல்லாஸ் பக்கம் வேலை கிடைத்தபோது, அவளைச் சார்ந்து வருகிறவன் என்று முத்திரை குத்தி என்னையும் அனுப்பினார்கள். அந்த முத்திரையோடு வந்தவர்கள் வேலைக்குப் போகக் கூடாது. கிரீன் கார்டு வரிசையில் பல வருடம் நின்றோம். அந்த வருடங்களில் நான் சமைத்தேன், துணி மடித்தேன், மித்ராவை மழலையர் பள்ளியிலும் பிறகு பெரிய பள்ளியிலும் விட்டுக் கூட்டிவந்தேன். இப்போது ஒரு இந்திய மளிகைக் கடையில் வேலை. கறிவேப்பிலையை ஆய்ந்து சின்னப் பைகளில் போடுவேன், முருங்கைக்காயை ஒரே அளவில் நறுக்கிக் கட்டுவேன். முன்பக்கம் கல்லாவில் நிற்கச் சொன்னால் மட்டும் ஏதாவது சாக்குச் சொல்லிப் பின்னால் போய்விடுவேன்.

ஆங்கிலம் புரியும். வாயைத் திறந்தால் வராது. அதனால் மித்ரா எட்டு வயதிலிருந்தே எனக்காகப் பேசுகிறாள். டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸில் கவுண்டருக்கு மேல் அவள் முகம் பாதிதான் தெரியும். என் கையைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்று, “மை டேட் இஸ் சேயிங்” என்று ஆரம்பிப்பாள். நான் “பழைய அட்ரஸ்தான் இருக்குது, மாத்தோணும்” என்று இழுத்திருப்பேன். அவள் அதில் ஒரு தயவுசெய்து, ஒரு சிரமத்துக்கு மன்னிக்கவும் எல்லாம் சேர்த்து முழு வாக்கியமாகச் சொல்வாள். கவுண்டரில் இருப்பவர் என்னைப் பார்த்துச் சிரிப்பார். என் வாயிலிருந்து வந்ததைவிட அவள் வாயிலிருந்து நான் நல்ல மனிதனாகத் தெரிந்தேன். அது எனக்குப் பழகிவிட்டது.

மித்ராவுக்குப் புதன்கிழமை மாலையில் ஒரு கோச்சிங் வகுப்பு இருந்தது. அது முடியும் வரை நான் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் ஒரு சர்ச்சின் ஹால். அங்கிருந்து தந்தி வாத்தியங்களின் சத்தம் வரும். வெயிலுக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் உள்ளிருந்து ஒரு அம்மா வந்து கார்க் கதவைத் தட்டி, இந்தச் சூட்டில் வெந்துபோவாய், உள்ளே வந்து உட்கார் என்றார். அவர் பெயர் பெக்கி. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. அந்தக் கூட்டத்தை நடத்துகிறவர். மறுத்துப் பேசத் தெரியாததால் உள்ளே போனேன். அப்படித்தான் எனக்குப் புளூகிராஸ் அறிமுகமானது.

3

புளூகிராஸ் இந்த நாட்டின் கிழக்குப் பக்க மலைக்காரர்கள் வளர்த்த பாட்டு. கிட்டார், வட்டமாகத் தோல் கட்டிய பேன்ஜோ, மாண்டலின், அவர்கள் ஃபிடில் என்று சொல்லும் வயலின், வயலின் வடிவிலேயே ஆள் உயர பேஸ். மத்தளம் கிடையாது. தாளத்தையும் தந்திகளே பார்த்துக்கொள்ள வேண்டும். மாண்டலின்காரனுக்கு முக்கியமான வேலை அதுதான். ஒவ்வொரு அடிக்கும் நடுவில், தந்தியை அழுத்தி உடனே விட்டு, ‘சக்’ என்று ஒரு வெட்டு. மற்றவர்கள் எவ்வளவு வேகமாகப் போனாலும் அந்த வெட்டு தவறக் கூடாது.

சில மாதம் சுவரோரம் உட்கார்ந்து கேட்டேன். பிறகு பெக்கி ஒரு பழைய மாண்டலினை என் மடியில் வைத்தார். தாளில் எழுதிக் கொடுக்கும் வழக்கமே அங்கே இல்லை. பக்கத்தில் இருப்பவர் கையைப் பார்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். எனக்கு அது தோதாக இருந்தது. வெட்டு பழகிய பிறகு இன்னும் பிடித்துப்போயிற்று. என்னை யாரும் பார்ப்பதில்லை, ஆனால் நான் நிறுத்தினால் எல்லோருக்கும் தெரியும்.

சனிக்கிழமைகளில் பூங்காக்களில் கச்சேரி நடக்கும். மடக்கு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் மாண்டலின்காரரின் வலது மணிக்கட்டு தெரிகிற இடமாகப் பார்த்து உட்காருவேன். அவர்கள் வாசிப்பதை வீட்டில் வந்து மெதுவாக வாசித்துப் பார்ப்பேன். கவிதா ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பேன். “ஏனுங்க, இத்தன வருஷத்துல நீங்க ஒண்ண வேணும்னு கேட்டு நாம் பாத்ததில்ல. அதொண்ண வாங்கிக்கோங்க” என்று அவள்தான் சொந்தமாக ஒரு மாண்டலின் வாங்கிக் கொடுத்தாள்.

நம் ஆட்களிடம் நான் இதைச் சொல்லவில்லை. எப்படியோ தெரிந்துவிட்டது. ஒரு வீட்டு விருந்தில், கவிதாவோடு வேலை பார்க்கும் செந்தில், “என்ன மாமா, மாட்டுக்காரப் பாட்டெல்லாம் படிக்கறீங்களாம்? நம்மூர்ல மாடு மேச்சது பத்தாதா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவனுக்கு எங்கள் ஊர்க் காளைகளைத் தவிர காங்கேயத்தைப் பற்றி வேறொன்றும் தெரியாது.

இப்போது அந்தப் புதன்கிழமை வட்டத்தின் முறையைச் சொல்ல வேண்டும். எல்லோரும் வட்டமாக இருப்போம். ஒவ்வொருவருக்கும் முறை வரும். முறை வந்தவர் ஒரு பாட்டைச் சொல்லி ஆரம்பிப்பார். அது முடியும் வரை அந்தப் பாட்டுக்கு அவர்தான் முதலாளி. யாரைப் பார்த்துத் தலையசைக்கிறாரோ அவர் ஒரு சுற்று தனியாக வாசிப்பார். வேண்டாம் என்றால் தலையை இடவலமாக ஆட்டலாம். யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். முதலாளி பாட்டை முடிக்க நினைத்தால், கடைசிச் சுற்றில் ஒரு காலை முன்னால் தூக்கிக் காட்டுவார். எல்லோருக்கும் கை வேலையாக இருக்கும், வாயில் பாட்டு இருக்கும், கால் மட்டும்தான் சும்மா இருக்கிறது. கால் உயர்ந்தால் எல்லோரும் சேர்ந்து நிறுத்துவார்கள். பெரிய மேடைக்காரர்கள் இப்படிச் செய்வதில்லை, அவர்களுக்குப் பழக்கத்திலேயே தெரியும். இது எங்களைப் போன்ற கற்றுக்குட்டிகளின் வழக்கம்.

என் முறை வரும்போதெல்லாம் நான் “பாஸ்” என்று சொல்லி அடுத்தவருக்குத் தள்ளிவிடுவேன். ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே ஓட்டினேன்.

4

வட்டத்தில் மூத்தவர் டேல். எண்பதைத் தாண்டியவர். ஊர்த் தண்ணீர்க் குழாய் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். பேன்ஜோ வாசிப்பார். வலது கையின் மூன்று விரல்களில் தந்தியை மீட்டும் தகடு மாட்டிக்கொண்டு அவர் வாசித்தால் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். கைமூட்டுகளில் வாதம். வீங்கிய விரல்களில் தகடுகளை மாட்டவே நேரமாகும். ஆனால் யார் தலையசைத்தாலும் அவர் வேண்டாம் என்று ஆட்டி நான் பார்த்ததில்லை. என்னிடம் அதிகம் பேச மாட்டார். ஒரு நாள் நான் வெட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது பெக்கியிடம் திரும்பி, இவன் இருந்தால் எனக்குக் கவலையில்லை என்று சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு காரோட்டினேன்.

இந்த வசந்தத்தில் பெக்கி மூன்று நாள் பட்டறை நடத்தினார். ஊருக்கு வெளியே ஏரிக்கரையில் ஒரு முகாம். காலையில் வகுப்பு, மதியம் குழுவாகப் பயிற்சி, மாலையில் பெரிய வித்வான்களின் கச்சேரி. கடைசி நாள் கற்றுக்கொள்கிறவர்கள் மேடையேற வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு பாட்டுக்காவது முதலாளியாக இருக்க வேண்டும், அங்கே பாஸ் கிடையாது என்று பெக்கி முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு எளிய பாட்டு ஒன்றைக் கொடுத்தார்கள். வார்த்தை இல்லாத மெட்டு. பயிற்சியில் காலைத் தூக்கச் சொன்னபோது குதிகாலை மட்டும் லேசாக எழுப்பினேன். பெக்கி சிரித்துவிட்டு, கடைசியில் நிற்கிற பேஸ்காரனுக்கும் தெரிய வேண்டும் என்றார். அந்தப் பயிற்சிக்கு டேல் வரவில்லை. கைக்கு ஓய்வு கொடுக்கத் தன் வண்டியில் படுத்திருந்தார்.

கடைசி நாள் மித்ரா வந்தாள். பள்ளியின் கடைசி வருடம். ஆகஸ்டில் கல்லூரிக்கு வேறு மாநிலம் போகப்போகிறாள். முகாம் வரை ஃப்ரீவேயில் ஓட்டிவந்து, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் யாருடைய உதவியும் இல்லாமல் நாலு பேர் முன்னால் நிற்பதை அவள் பார்த்ததே இல்லை. வீட்டை விட்டுப் போவதற்குள் ஒரு தடவையாவது அவள் அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. கவிதாவிடம்கூட அதைச் சொல்லவில்லை.

மேடையில் அரைவட்டமாக நின்றோம். டேலுக்கு மட்டும் முட்டிவலி என்று நாற்காலி போட்டிருந்தார்கள். அது எனக்கு நேர் எதிரில் இருந்தது. நான் காலைத் தூக்கினால் அவர் முகத்துக்கு நேராகப் போகும்.

பாட்டு நன்றாகப் போனது. ஃபிடில்காரம்மாவுக்குத் தலையசைத்தேன், வாசித்தார். டேலுக்குத் தலையசைத்தேன், வாசித்தார். முடிக்க வேண்டிய சுற்று வந்தது. கால் எழவில்லை. சிறுவயதில் ஒரு கல்யாண வீட்டில், ஜமக்காளத்தில் பெரியப்பா உட்கார்ந்திருந்த பக்கமாக நான் காலை நீட்டினேன் என்று அப்பா எல்லோர் முன்னாலும் முதுகில் ஓங்கி வைத்தார். அந்த அடி காலுக்குள் எங்கேயோ இருந்திருக்கிறது. அடுத்த சுற்றுக்குப் போய்விட்டோம். பெக்கி என் காலைப் பார்த்துக்கொண்டே கிட்டார் வாசித்தார்.

அந்த வீடியோவில் மித்ரா எழுந்து சொல்வது இதுவரைக்கும் உண்மை. இதற்குப் பிறகு நடந்தது அவள் சொன்னது அல்ல.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் ஃபிடில்காரம்மாவுக்குத் தலையசைத்தேன். அவர் உடனே வில்லை எடுத்தார். கிட்டார்க்காரருக்கு அசைத்தேன், அவர் வாசித்தார். நான் தலையசைத்தால் ஒரு மனிதர் வாசிக்கிறார், அசைக்கும் வரை காத்திருக்கிறார். பதினெட்டு வருடமாக இந்த ஊரில் நான்தான் யாராவது தலையசைப்பார்களா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறவன். ஆபீஸ் கவுண்டரில், கடையில், மகளின் பள்ளிக்கூடத்தில். அன்று ஐந்து பேர் என் முகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தார்கள். கூட்டம் கை தட்ட ஆரம்பித்தது. மித்ரா போனைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

என் கால் அப்போது லேசாகத்தான் இருந்தது. தூக்கியிருக்கலாம். தூக்க மனமில்லை.

டேலுக்கு மறுபடியும் தலையசைத்தேன். வாசித்தார். இன்னொரு சுற்றுப் போய் மறுபடியும் அவரிடம் வந்தேன். வேகமான மெட்டு. அவர் கீழுதட்டைக் கடித்திருந்தார். விரல் தந்தியை விட்டு வழுக்கியது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு அடுத்த தடவையும் அவருக்கே தலையசைத்தேன், ஏனென்றால் அவருக்கு அசைக்கும்போதுதான் கூட்டம் அதிகமாகக் கத்தியது.

கடைசியில் பெக்கிதான் தன் காலைத் தூக்கி நிறுத்தினார். இன்னொருவர் பாட்டில் அப்படிச் செய்யக் கூடாது. செய்ய வேண்டிவந்தது. டேல் வலது கையை அக்குளில் வைத்து அழுத்திக்கொண்டு குனிந்திருந்தார். பெக்கி மைக்கில், இந்த மனிதருக்குப் பிரேக் எங்கே இருக்கிறது என்று யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள்.

அப்போதுதான் மித்ரா எழுந்தாள். என் முகம் தொங்கிப்போனதைப் பார்த்திருப்பாள். எங்கள் ஊரில் பெரியவர்கள் பக்கம் காலை நீட்டுவது பெரிய அவமரியாதை, தெரியாமல் கால் பட்டால்கூடத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம், அப்பாவுக்கு எதிரில் டேல் உட்கார்ந்திருந்தார், அதனால்தான் அவரால் முடியவில்லை என்று தெளிவாகச் சொன்னாள். சிரிப்பு நின்றுவிட்டது. டேல் நிமிர்ந்து, வலிக்காத கையால் தொப்பியைக் கழற்றினார். எனக்காகவா, என்று என்னிடம் கேட்டார்.

நான் “யெஸ்” என்றேன்.

5

அதற்குப் பிறகு நான்கு வாரம் டேல் புதன்கிழமைக்கு வரவில்லை. கை வீங்கியிருக்கிறது, மருத்துவர் வாசிக்க வேண்டாம் என்றிருக்கிறார் என்று பெக்கி சொன்னார். ஆனால் அவர் சர்ச்சிலும், முடி வெட்டும் கடையிலும் இந்தக் கதையைத்தான் எல்லோரிடமும் சொல்கிறாராம். தன் சொந்தப் பிள்ளைகள் தன்னிடம் காட்டாத மரியாதையை ஒருவன் காட்டினான் என்கிறாராம்.

அதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதே பெரிய பாடாக இருந்தது. அதோடு முடியவில்லை. நான் இருக்கும் வட்டத்தில் இனி யாரும் காலைத் தூக்க வேண்டாம் என்று அவர்களுக்குள் பேசி முடிவு செய்துவிட்டார்கள். என்னிடம் கேட்கவில்லை. எனக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர் தொப்பியைத் தூக்கினார். கையை எடுத்ததால் அவர் கிட்டார் நின்றுபோய்ப் பாட்டே தடுமாறியது. இன்னொருவர் புருவத்தை உயர்த்தினார், அது யாருக்கும் தெரியவில்லை. எல்லோரும் நிறுத்திய பிறகு பேஸ் மட்டும் தனியாகக் கொஞ்ச தூரம் போய் நிற்கும். சிரித்துக்கொண்டே மன்னிப்புக் கேட்பார்கள், அதுவும் என்னிடம். அவர்கள் தாத்தா காலத்து வழக்கத்தை என் ஒரு ‘யெஸ்’ஸுக்காக மடித்து வைத்துவிட்டார்கள்.

சங்கத்திலிருந்து பொன்னாடை விஷயமாகப் போன் வந்ததும் அதே வாரத்தில்தான். செந்திலே வந்து என் கையைப் பிடித்து, “மாமா, அன்னிக்கு நான் பேசுனத மனசுல வெச்சுக்காதீங்க” என்றான். அவன் கிண்டலைத் தாங்க எனக்குத் தெரியும். இதைத் தாங்கத் தெரியவில்லை.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. ஆனால் பேசியது நான் அல்ல, மித்ரா. நான் மாற்றிச் சொன்னால் அவள் பொய் சொன்னதாக ஆகும். அவளிடம் முதலில் கேட்க வேண்டும். ஒரு நாள் கடையிலிருந்து அவள் என்னைக் கூட்டிவரும்போது காரில் சொன்னேன். முதல் சுற்று பற்றியும், மற்றச் சுற்றுகள் பற்றியும், டேலின் விரல் வழுக்கியதைப் பார்த்தது பற்றியும்.

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, “ஐ நோ, அப்பா” என்றாள்.

எனக்குப் புரியவில்லை. எப்படித் தெரியும் என்றேன்.

“நீங்க ஸ்மைல் பண்ணிட்டு இருந்தீங்க. ஹோல் டைம். நான் உங்கள அப்டி பாத்ததே இல்ல.”

“அப்பறம் எதுக்குக் கண்ணு அப்படிச் சொன்னே?”

“எல்லாரும் லாஃப் பண்ணாங்க. சம்படி ஹேட் டு சே சம்திங்.” சிக்னலில் வண்டியை நிறுத்திவிட்டு, “ஐ ஆல்வேஸ் டூ தட். நான் கொஞ்சம் நல்லா மாத்தித்தான் சொல்வேன். யூ நெவர் நோட்டீஸ்டு?” என்றாள்.

கவனித்திருக்கிறேன். கவனித்துவிட்டு, அது வசதியாக இருந்ததால் விட்டிருக்கிறேன். கவுண்டரில் எம்பி நின்ற குழந்தை, அப்பன் சொல்வது போதாது, கொஞ்சம் மெருகு போட்டுத்தான் வெளியே காட்ட வேண்டும் என்று எட்டு வயதிலேயே முடிவு செய்திருக்கிறது. அவள் என்னை விட்டு விலகிப் போகிறாள், ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறாள் என்று கவிதாவிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறேன். அந்த ஆங்கிலத்தைத்தான் நான் இத்தனை வருடம் சட்டை மாதிரி போட்டுக்கொண்டு திரிந்தேன்.

அவர்களிடம் சொல்ல வேண்டியதை இங்கிலீஷில் எழுதிக் கொடுக்கிறாயா என்று கேட்டேன். முடியாது என்றாள். “நான் எழுதினா அகைன் நல்லா ஆயிடும். நீங்களே சொல்லுங்க.”

அந்த வாரம் முழுவதும் கறிவேப்பிலை ஆய்ந்துகொண்டே நாலைந்து வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தேன்.

6

அந்தப் புதன்கிழமை டேல் வந்திருந்தார். மணிக்கட்டில் பட்டை கட்டியிருந்தார். பேன்ஜோவை மடியில் வைத்திருந்தார், தகடுகளை விரலில் மாட்டாமல் முட்டிமேல் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியைத் தொட்டார்.

முதல் பாட்டு பெக்கியுடையது. முடிக்கும்போது தலையைக் குனிந்து காட்டினார். பேஸ்காரர் அதைக் கவனிக்காமல் தனியாகப் போய் நின்றார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது என் முறை. பாஸ் சொல்வேன் என்று அவர்கள் எனக்கு அடுத்திருந்த டேலின் பக்கம் திரும்பத் தொடங்கிவிட்டார்கள். நான் பெக்கியைப் பார்த்துக் கையைக் காட்டினேன், கொஞ்சம் பொறுங்கள் என்பதுபோல.

ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் வரிசையாக வரவில்லை. வந்ததைச் சொன்னேன்.

“டேல் சார். ஃபர்ஸ்ட் ரவுண்டு, ரெஸ்பெக்ட். தட் இஸ் ட்ரூ. ஆஃப்டர் தட், நோ ரெஸ்பெக்ட். ஐ வாஸ் ஹேப்பி. எவ்ரிபடி லுக்கிங் அட் மீ. ஐ சா யுவர் ஹேண்ட். ஐ டிட் நாட் ஸ்டாப்.”

யாரும் எனக்காக அதை மாற்றிச் சொல்லவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, நீங்கள் காலைத் தூக்குங்கள், எனக்கு ஒன்றுமில்லை என்பதையும் எப்படியோ சொல்லி முடித்தேன்.

டேல் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் கை வழுக்கியதைப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பார்த்துவிட்டு மறுபடியும் எனக்குக் கொடுத்தாயா என்றார். கொடுத்தேன் என்றேன். அவர் மணிக்கட்டுப் பட்டையைக் கொஞ்ச நேரம் நீவிக்கொண்டிருந்தார். மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. அந்த வட்டத்தில் எதற்கெடுத்தாலும் பரவாயில்லை என்று சொல்கிறவர்கள்தான் எல்லோரும். அன்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு அது சரியாகவே பட்டது.

பெக்கிதான், உன் முறை இன்னும் அப்படியே இருக்கிறது என்றார்.

முதலாளியாக நின்று நடத்த எனக்கு வேறு பாட்டு தெரியாது. அதே மெட்டைத்தான் ஆரம்பித்தேன். ஃபிடில்காரம்மாவுக்குத் தலையசைத்தேன், வாசித்தார். டேல் பக்கம் திரும்பினேன். அவருக்கு அசைப்பதா விடுவதா என்று ஒரு கணம் திகைத்தேன். கை வலிக்கும் மனிதரிடம் கேட்பது தவறு, கேட்காமல் தாண்டிப் போவது அதைவிடத் தவறு. அசைத்தேன்.

அவர் இடவலமாகத் தலையை ஆட்டினார். வேண்டாம்.

அவர் அப்படி ஆட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. கை வலிக்காக ஆட்டினாரா, என்மேல் கோபத்தில் ஆட்டினாரா என்று கேட்க முடியாது. அங்கே யாரும் காரணம் கேட்பதில்லை. கிட்டார்க்காரரிடம் திரும்பினேன். அந்தச் சுற்று முடிவதற்குள் வலது காலை முட்டி உயரத்துக்குத் தூக்கினேன். டேல் என் வலப்பக்கம் இருந்ததால் அவர் பக்கமாகத்தான் போனது. உடம்பெல்லாம் கூசியது. எல்லோரும், பேஸ் உட்பட, ஒரே இடத்தில் நிறுத்தினார்கள்.

இன்றைக்கு ரொம்பச் சீக்கிரம் முடித்துவிட்டாயே என்றார் டேல். எல்லோரும் சிரித்தார்கள். டேல் சிரிக்கவில்லை. அடுத்தது அவருடைய முறை. குனிந்து, முட்டிமேல் இருந்த தகடுகளை எடுத்து, வீங்கிய விரல்களில் ஒவ்வொன்றாக மாட்டத் தொடங்கினார். நாங்கள் காத்திருந்தோம்.